ஒன்றுக்கு மூன்று: ஸ்டார்வுட்டை மேரியட் வாங்கியபின் உறுப்பினர்களின் பாயின்ட்டுகளுக்கு என்ன நடந்தது?

இரண்டு ஓட்டல் நிறுவனங்கள் இணையப் போகின்றன என்று செய்தி வந்தால், அவற்றில் தங்கித் தங்கிப் பாயின்ட் சேர்த்த லாயல்டி திட்ட உறுப்பினர்கள் முதலில் கேட்பது "என் பாயின்ட் என்ன ஆகும்?" என்பதுதான். இதற்கு நிறுவனங்கள் பெரும்பாலும் நியாயமான பதிலையே தருகின்றன. பழைய பாயின்ட் ஒன்றுக்குப் புதியது எத்தனை என்ற மாற்று விகிதம்தான் எல்லோர் கண்ணிலும் படும் ஒரே எண். அதில் கை வைத்தால் மறுநாளே கூச்சல் எழும். ஆனால் அந்தப் பாயின்ட்டைக் கொண்டு என்ன வாங்கலாம், அதன் விலையை யார் வைப்பார்கள், அந்த விலை முன்கூட்டியே தெரியுமா என்பதெல்லாம் இணைப்பு அறிவிப்பில் வராது. அவை பிறகு, வேறு வேறு தேதிகளில், வேறு வேறு பெயர்களில் மாறுகின்றன.

இதைத் தெளிவாகப் பார்க்க மேரியட்டும் ஸ்டார்வுட்டும் இணைந்த கதையைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடையாது. ஒப்பந்தம் 2015இல் அறிவிக்கப்பட்டது. அதன் விளைவு உறுப்பினர்களை முழுதாக வந்தடைந்தது 2022இல். ஏழு வருடம் எடுத்துக்கொண்ட மாற்றம் இது.

எதை இழக்கப் பயந்தார்கள்

ஸ்டார்வுட் என்ற பெயர் நம்மூரில் பலருக்குத் தெரியாது. ஷெரட்டன், வெஸ்டின், லீ மெரிடியன், செயின்ட் ரீஜிஸ், டபிள்யூ, அலோஃப்ட் என்றால் தெரியும். இவை எல்லாம் அந்த நிறுவனத்தின் பிராண்டுகள். சென்னை கிண்டியில் இருக்கும் ஐடிசி கிராண்ட் சோழா கூட ஸ்டார்வுட்டின் லக்ஸுரி கலெக்‌ஷன் என்ற குடையின் கீழ்தான் இருந்தது.

ஸ்டார்வுட்டின் லாயல்டி திட்டம் 'ஸ்டார்வுட் பிரிஃபர்டு கெஸ்ட்', சுருக்கமாக எஸ்பிஜி. 1999இல் தொடங்கியது. அதுவே ஒரு இணைப்பின் பிள்ளைதான். 1998இல் ஸ்டார்வுட் வெஸ்டினையும் ஷெரட்டனையும் அடுத்தடுத்து வாங்கியது. அவற்றின் பழைய திட்டங்களை ஒன்றாக்கி எழுப்பியதுதான் எஸ்பிஜி. அந்த முறை இணைப்பால் உறுப்பினர்களுக்கு லாபம். 'பிளாக்-அவுட்' நாட்கள் கிடையாது, சாதாரண அறை விற்பனைக்கு இருந்தால் அதைப் பாயின்ட்டுக்கும் கொடுத்தாக வேண்டும் என்று எஸ்பிஜி அறிவித்தது. அதுவரை ஓட்டல் திட்டங்களில் இது வழக்கத்தில் இல்லை. தீபாவளி, கிறிஸ்துமஸ் வாரத்தில் பாயின்ட் செல்லாது என்று கை விரித்துப் பழகிய துறை அது.

எஸ்பிஜி பாயின்ட்டுக்குப் பெயர் ஸ்டார்பாயின்ட். 20,000 ஸ்டார்பாயின்ட்டை விமான நிறுவனத்துக்கு மாற்றினால் 25,000 மைல் (விமான டிக்கெட் வாங்க உதவும் பாயின்ட்) வரும். ஏறத்தாழ எல்லாப் பெரிய விமான நிறுவனங்களும் அந்தப் பட்டியலில் இருந்தன. இதனால் ஓட்டலில் தங்காதவர்கள் கூட எஸ்பிஜி கிரெடிட் கார்டு வைத்திருந்தார்கள். அதிகம் தங்குபவர்களுக்கான பிளாட்டினம் அடுக்கு உறுப்பினருக்கு மாலை 4 மணி வரை செக்-அவுட், காலியாக இருந்தால் சூட் அறை, 50 இரவு கடந்தால் முன்கூட்டியே சூட் உறுதி செய்துகொள்ளப் பத்து வாய்ப்பு.

இன்னொன்று, எனக்கு முக்கியமாகப் படுவது: பிளாட்டினம் பெற வருடத்துக்கு 50 இரவு வேண்டும், அல்லது 25 முறை தங்கினால் போதும். திங்கள் இரவு ஒரு ஊர், வியாழன் இரவு இன்னொரு ஊர் என்று ஒற்றை இரவுகளாக அலையும் விற்பனைப் பிரதிநிதிக்கும் ஆடிட்டருக்கும் இந்த 'அல்லது' பெரிய வரம். அவர் 25 இரவிலேயே உச்சத்துக்குப் போய்விடலாம்.

எதிரே மேரியட் ரிவார்ட்ஸ். உறுப்பினர் 5.4 கோடிப் பேர், எஸ்பிஜிக்கு 2.1 கோடிதான். மேரியட்டில் பிளாட்டினம் பெற 75 இரவு வேண்டும்; எத்தனை முறை தங்கினோம் என்ற கணக்குக்கு அங்கே இடமில்லை. ஓட்டல்கள் எங்கும் இருக்கும், பாயின்ட் சேர்வது எளிது, ஆனால் சூட் அறைக்கு எந்த உறுதியும் இல்லை. சுருக்கமாகச் சொன்னால், பரப்பில் மேரியட், சலுகையில் எஸ்பிஜி.

ஏலம்

2015 நவம்பர் 16 அன்று, ஸ்டார்வுட்டை 1,220 கோடி டாலருக்கு வாங்குவதாக மேரியட் அறிவித்தது. அடுத்த மார்ச்சில் சீனாவின் அன்பாங் இன்ஷூரன்ஸ் தலைமையிலான குழு குறுக்கே வந்தது. மேரியட் 1,360 கோடியாக உயர்த்தியது; அன்பாங் 1,400 கோடி என்றது; பிறகு 2016 மார்ச் 31 அன்று திடீரென்று விலகிக்கொண்டது. அந்த இரண்டு வாரமும் எஸ்பிஜி உறுப்பினர்கள் பலர் அன்பாங் ஜெயிக்க வேண்டும் என்றே வேண்டிக்கொண்டார்கள். காரணம் எளிது: அன்பாங்கிடம் சொந்தமாக லாயல்டி திட்டம் எதுவும் இல்லை, ஆகவே கரைப்பதற்கும் எதுவும் இல்லை. ஆனால் 2018 பிப்ரவரியில் சீன அரசு அன்பாங்கைத் தன் கட்டுப்பாட்டில் எடுத்தது. அதன் தலைவர் வூ சியாவ்ஹுய் மோசடிக் குற்றத்துக்காக 18 வருடச் சிறைத் தண்டனை பெற்றார். அந்தக் கைகளில் எஸ்பிஜி பத்திரமாக இருந்திருக்கும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

முதல் நாள் தாராளம்

2016 செப்டம்பர் 23 அன்று ஒப்பந்தம் முடிந்தது. 30 பிராண்டுகள், சுமார் 5,700 ஓட்டல்கள், 11 லட்சம் அறைகள். உலகின் மிகப் பெரிய ஓட்டல் நிறுவனம். அன்றைக்கே உறுப்பினர்களுக்கு மூன்று விஷயங்களைத் திறந்துவிட்டார்கள். இரண்டு கணக்குகளையும் இணைக்கலாம். ஒரு பக்கம் இருக்கும் ஸ்டேட்டஸ் (கோல்டு, பிளாட்டினம் போன்ற அடுக்கு) மறுபக்கமும் செல்லும். ஒரு ஸ்டார்பாயின்ட்டுக்கு மூன்று மேரியட் பாயின்ட் என்ற விகிதத்தில் இரு பக்கமும் மாற்றிக்கொள்ளலாம்.

அன்றைய நிலையில் ஒன்றுக்கு மூன்று நேர்மையான விகிதம். எஸ்பிஜியில் சாதாரண உறுப்பினருக்கு ஒரு டாலருக்கு 2 பாயின்ட். மேரியட்டின் பெரும்பாலான ஓட்டல்களில் 10. சம்பாதிக்கும் வேகத்தை மட்டும் பார்த்தால் ஒன்றுக்கு ஐந்து வந்திருக்க வேண்டும். ஆனால் செலவிடும் பக்கம் பார்த்தால், எஸ்பிஜியின் உச்ச ஓட்டல் ஓர் இரவுக்கு 30,000 முதல் 35,000; மேரியட்டின் உச்சமான ஒன்பதாம் வகை ஓட்டல் 45,000, அதன் ஆடம்பர பிராண்டான ரிட்ஸ்-கார்ல்டனின் உச்சம் 70,000. இரண்டுக்கும் நடுவே மூன்று வந்து நிற்கிறது. பெரிய குறை சொல்ல முடியாது.

இந்தத் தாராளத்துக்குக் காரணம் உண்டு. மேரியட் இவ்வளவு பணம் கொடுத்து வாங்கியதில் கட்டடங்கள் குறைவு. ஸ்டார்வுட் ஓட்டல்களில் பெரும்பாலானவை வேறு முதலாளிகளுக்குச் சொந்தம். பெயரும் நிர்வாகமும்தான் ஸ்டார்வுட்டுடையவை. அப்படியானால் வாங்கியது எதை? பிராண்டுகளை, ஒப்பந்தங்களை, அந்த 2.1 கோடி உறுப்பினர்களை. அவர்களில் அதிகம் செலவழிப்பவர்கள் முதல் வாரத்திலேயே ஹயாத்துக்கும் ஹில்டனுக்கும் போய்விட்டால் வாங்கியதன் மதிப்பே போய்விடும். முதல் நாள் கருணை என்பது சரக்கைக் காப்பாற்றும் செலவு.

அப்புறம் ஏறத்தாழ இரண்டு வருடம் இரண்டு திட்டங்களும் பக்கத்துப் பக்கத்தில் ஓடின. விவரம் தெரிந்தவர்களுக்கு அது நல்ல காலம். அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் பிளாட்டினம் கார்டு இலவசமாகத் தரும் எஸ்பிஜி கோல்டு ஸ்டேட்டஸை இணைத்தால் மேரியட் கோல்டு கிடைத்தது. மேரியட்டில் அது 50 இரவு தங்கினால் கிடைக்கும் அடுக்கு. பல ஓட்டல்களில் லவுஞ்சும் காலை உணவும் சேர்ந்து வந்தன.

2018 ஆகஸ்ட் 18

புதிய திட்டத்தின் விவரங்கள் 2018 ஏப்ரலில் வந்தன. ஆகஸ்ட் 18 அன்று கணினிகள் ஒன்றாயின. விதிகளைப் பற்றிப் பேசுவதற்கு முன் அந்த நாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். இணையதளம் மணிக்கணக்கில் படுத்தது. பாயின்ட் இருப்பு தப்பாகக் காட்டியது. தங்கிய இரவுகள் காணாமல் போயின. கணக்குகளைச் சேர்க்க முயன்றவர்கள் தொலைபேசியில் நீண்ட நேரம் காத்துக் கிடந்தார்கள். பல வருடம் சேர்த்த இரவுக் கணக்கு வைத்திருந்தவருக்கு அது வெறும் மென்பொருள் கோளாறு இல்லை. வருடா வருடம் தகுதி பெறத் தேவையில்லாத வாழ்நாள் ஸ்டேட்டஸ் கைக்கு எட்டுமா எட்டாதா என்பதே அந்தக் கணக்கில்தான் இருந்தது. சரிசெய்ய மாதங்கள் பிடித்தன.

விதிகள் பக்கம் வந்தால், படம் கலவையானது. நியாயமாகச் சொல்ல வேண்டுமென்றால், 50 இரவு தங்கும் பழைய மேரியட் உறுப்பினருக்கு இது பெரிய வெற்றி. எஸ்பிஜியின் மாலை 4 மணி செக்-அவுட்டும் சூட் உயர்வும் இப்போது 50 இரவிலேயே மேரியட் ஓட்டல்களுக்கும் வந்தன. ரிசார்ட்டுகளில் மட்டும் 4 மணி என்பது இடம் இருந்தால்தான். ஒரு டாலருக்கு 10 பாயின்ட் என்ற வேகம் ஷெரட்டனுக்கும் வெஸ்டினுக்கும் வந்தது. எஸ்பிஜி கணக்கில் இது ஒரு டாலருக்கு 3.3 ஸ்டார்பாயின்ட் போல, முன்பு 2. எஸ்பிஜியில் ஒரு வருடம் எந்த நடவடிக்கையும் இல்லையென்றால் பாயின்ட் காலாவதியாகும்; புதிய திட்டத்தில் இரண்டு வருடம். 60,000 பாயின்ட்டுக்கு 25,000 மைல் என்ற விமான மாற்றமும் தப்பிப் பிழைத்தது.

போனவை என்ன? முதலில், அந்த 'அல்லது'. 25 முறை தங்கினால் பிளாட்டினம் என்ற வழி அடைபட்டது. ஒற்றை இரவுப் பயணிகள் ஒரே நாளில் தங்கள் இலக்கு இரட்டிப்பானதைக் கண்டார்கள். எஸ்பிஜியில் 75 இரவு தங்கினால் எந்த நேரம் செக்-இன் செய்தாலும் 24 மணி நேரம் அறை நமது என்ற வசதி இருந்தது; அது அம்பாசடர் என்ற உச்ச அடுக்குக்கு ஏறிவிட்டது. அந்த அடுக்குக்கு 100 இரவு மட்டும் போதாது, வருடத்துக்கு 20,000 டாலர் செலவும் வேண்டும் என்றார்கள். இரவுக் கணக்கோடு பணக் கணக்கும் அப்போதுதான் நுழைந்தது. வாழ்நாள் டைட்டானியம் என்று பின்னர் பெயர் பெற்ற அடுக்கை 2018 முடிவுக்குள் தகுதி பெற்றவர்களுக்கு மட்டும் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்தினார்கள்.

இதற்கு நடுவே ஒரு விசித்திரம். எந்த ஓட்டலுக்கு எத்தனை பாயின்ட் என்று சொல்லும் புதிய விலை அட்டவணையில் ஏழு வகைகள். உச்சம் 60,000 பாயின்ட். முந்தைய நாள் வரை 30,000 ஸ்டார்பாயின்ட், அதாவது புதுக் கணக்கில் 90,000, கேட்ட ஓட்டல்கள் மறுநாள் 60,000க்குக் கிடைத்தன. எட்டாம் வகை 2019 தொடக்கத்தில் வரும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். ஆக, ஆகஸ்ட் முதல் மார்ச் வரை ஒரு சாளரம் திறந்திருந்தது. அட்டவணையைப் படித்தவர்கள் மாலத்தீவையும் நியூயார்க்கையும் அப்போதே பதிவு செய்துவைத்தார்கள். இணைப்பு என்றாலே உறுப்பினர்களுக்கு நஷ்டம் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்பவர்கள் இந்த ஏழு மாதத்தை மறந்துவிடுகிறார்கள்.

வாங்கியதோடு வந்த திருடன்

2018 நவம்பர் 30. ஸ்டார்வுட்டின் பழைய முன்பதிவுத் தரவுத்தளத்துக்குள் யாரோ 2014 முதலே இருந்திருக்கிறார்கள் என்று மேரியட் அறிவித்தது. முதலில் 50 கோடி விருந்தினர்கள் வரை என்றார்கள், பிறகு 38.3 கோடிப் பதிவுகள் என்று குறைத்தார்கள். மறையாக்கம் செய்யப்படாத பாஸ்போர்ட் எண்கள் மட்டும் சுமார் 52.5 லட்சம்.

தேதிகளைக் கவனியுங்கள். ஊடுருவல் நடந்தது ஒப்பந்தத்துக்கு முன். வாங்கும்போது அது தெரியவில்லை. வாங்கி இரண்டு வருடம் அந்தத் தரவுத்தளத்தை ஓட்டியும் தெரியவில்லை. பிரிட்டனின் தகவல் ஆணையர் அலுவலகம் முதலில் சுமார் 9.9 கோடி பவுண்டு அபராதம் விதிக்கப் போவதாகச் சொன்னது. 2020 அக்டோபரில் 1.84 கோடியில் முடித்தது. 2024இல் அமெரிக்க மாநிலங்களோடு 5.2 கோடி டாலருக்கு உடன்பாடு வந்தது. பாயின்ட் எத்தனை மாறும் என்று எல்லோரும் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது, உறுப்பினர்களின் பெயரும் பிறந்த தேதியும் பாஸ்போர்ட் எண்ணும் ஏற்கெனவே போய்விட்டிருந்தன. இந்த இணைப்பில் உறுப்பினர்களுக்கு நேர்ந்த ஆகப் பெரிய கேடு என்று நான் நினைப்பது இதைத்தான். அட்டவணை மாறினால் வேறு ஓட்டலுக்குப் போகலாம். பிறந்த தேதியை எங்கே போய் மாற்றுவது?

அட்டவணை மறைந்த கதை

2019 பிப்ரவரி 13 முதல் திட்டத்தின் பெயர் மேரியட் பான்வாய். எஸ்பிஜி என்ற பெயர் இருபது வருடத்தில் முடிந்தது. அடுத்து நடந்தவை வேகமானவை. மார்ச் 5 அன்று எட்டாம் வகை வந்தது: ஓர் இரவு 85,000. செப்டம்பர் 14 முதல் மந்த காலம், சாதா காலம், நெரிசல் காலம் என்று மூன்று விலை. எட்டாம் வகையில் 70,000, 85,000, 1,00,000. ஒரு வருடத்துக்கு முன் 60,000க்குக் கிடைத்த அதே அறை.

கடைசியாக 2022 மார்ச் 29. அட்டவணையே கைவிடப்பட்டது. ஓட்டலின் ரொக்க விலை ஏறினால் பாயின்ட் விலையும் ஏறும். எவ்வளவு என்பதைத் தேடிப் பார்க்கும்போதுதான் தெரியும். அந்த வருடம் முழுவதும் சில வரம்புகள் வைத்திருந்தார்கள். 2023இல் அவையும் போயின. ஒரு லட்சத்தைத் தாண்டிய இரவுகள் உச்ச ஓட்டல்களில் வழக்கமாயின. 2022 இறுதியில் டெல்டா, அமெரிக்கன், அவியான்கா ஆகிய மூன்று விமான நிறுவனங்களுக்கு மாற்றினால் வரும் 5,000 மைல் போனஸும் நின்றது.

2016இல் கொடுத்த வாக்கு எதுவும் இதில் மீறப்படவில்லை. ஒன்றுக்கு மூன்று கொடுத்தார்கள். 'பிளாக்-அவுட் கிடையாது' என்பதும் எழுத்தில் அப்படியே இருக்கிறது. 10,000 ஸ்டார்பாயின்ட் வைத்திருந்தவரிடம் இன்றும் 30,000 பாயின்ட் இருக்கும். அது ஓர் இரவா, அரை இரவா என்பது மட்டும் அவருக்கு முன்கூட்டித் தெரியாது. விலை உயர்ந்ததைவிட இதுதான் என்னை உறுத்துகிறது. அட்டவணை இருந்தவரை விலையை உயர்த்த நிறுவனம் அறிவிப்பு வெளியிட வேண்டும், திட்டுகளை வாங்க வேண்டும். இப்போது அந்தக் கூச்சம் தேவையில்லை. செவ்வாய்க்கிழமை 52,000, புதன்கிழமை 61,000. யாரிடம் போய்க் கேட்பது?

யார் தள்ளினார்கள்

இதை மேரியட்டின் பேராசை என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவது எளிது. ஆனால் நடுவில் ஓட்டல் முதலாளிகள் இருக்கிறார்கள். நீங்கள் பாயின்ட்டில் தங்கினால், அந்த இரவுக்கான பணத்தை லாயல்டி நிதியிலிருந்து ஓட்டல் முதலாளிக்குத் தருகிறார்கள். ஓட்டல் ஏறத்தாழ நிரம்பியிருந்தால் அறையின் சராசரி வாடகைக்கு அருகில் வரும். இல்லையென்றால் சிறு தொகைதான். உறுப்பினர்கள் தரும் வருமானத்தில் ஒரு பங்கை அதே நிதிக்கு முதலாளிகள் கட்டவும் வேண்டும். திட்டம் பெரிதாகப் பெரிதாக, பாயின்ட்டில் வருபவர்களும் மேல் அடுக்குக்காரர்களும் அதிகமானார்கள். ஒரே ஓட்டலில் ஒரே இரவில் பிளாட்டினம் உறுப்பினர்கள் குவிந்தால் சூட் அறை யாருக்கு, காலை உணவுச் செலவு யாருடையது? ரொக்க விலையோடு பாயின்ட் விலையைக் கட்டிவிட்டால் நிதிக்கும் நிம்மதி, முதலாளிக்கும் நிம்மதி. உறுப்பினர் அந்த மேசையில் இல்லை.

வங்கிகள் இன்னொரு பக்கம். 2020 மே மாதம், கொரோனாவில் ஓட்டல்கள் காலியாகக் கிடந்தபோது, மேரியட் தன் கார்டு கூட்டாளிகளிடமிருந்து 92 கோடி டாலர் திரட்டியது: ஜேபி மார்கன் சேஸிடமிருந்து 57 கோடி, அமெரிக்கன் எக்ஸ்பிரஸிடமிருந்து 35 கோடி. அறை விற்காத காலத்திலும் பாயின்ட் விற்றது. அறையில் தங்கியவரின் நன்றிக்கடனாகத் தொடங்கிய ஒன்று, வங்கிகளுக்கு மொத்தமாக விற்கும் சரக்காக மாறியதைக் காட்ட இதைவிடத் தெளிவான கணக்கு வேண்டாம். சரக்கு பெருகும்போது அதன் மதிப்பு இறங்கத்தான் செய்யும். இந்தியாவிலும் 2023 ஆகஸ்டில் எச்டிஎஃப்சி வங்கி பான்வாய் கார்டு கொண்டுவந்தது. சென்னையிலும் கோவையிலும் ஓட்டலில் தங்காமலேயே பாயின்ட் சேர்ப்பவர்கள் இப்போது நிறையப் பேர்.

இணைப்பு நடக்காமல் இருந்திருந்தால் எஸ்பிஜி அப்படியே நீடித்திருக்குமா? உறுதியாகச் சொல்ல முடியாது. ஹில்டன் எந்தப் பெரிய இணைப்பும் இல்லாமலே 2017இல் அட்டவணையைக் கைவிட்டது. ஆனால் ஹயாத் வேறு பாதையில் போனது. 2018இல் டூ ரோட்ஸ் நிறுவனத்தை வாங்கி, கோவாவின் அலிலா தீவா உள்பட அதன் ஓட்டல்களைத் தன் திட்டத்துக்குள் கொண்டுவந்தபோதும் அட்டவணையை விடவில்லை. விலைகளை ஏற்றியது, நெரிசல் காலம் சேர்த்தது, ஆனால் எந்த ஓட்டல் எந்த வகை, அதிகபட்சம் எவ்வளவு என்பதை அச்சிட்டு வைத்திருந்தது. சிறிய நிறுவனம், போட்டியில் தனித்துத் தெரிய வேண்டும் என்ற கட்டாயம். 1999இல் எஸ்பிஜிக்கு இருந்ததும் அதே கட்டாயம்தான். மேரியட்டுக்கு 2016க்குப் பிறகு அது இல்லாமல் போனது. தன்னோடு சலுகையில் போட்டி போட்ட நிறுவனத்தையே வாங்கிவிட்டதே.

அடுத்த இணைப்பு அறிவிப்பு வரும்போது மாற்று விகிதத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொள்ளாதீர்கள். புதிய திட்டத்தில் அட்டவணை இருக்கிறதா, எத்தனை மாதத்துக்கு அதை மாற்றமாட்டோம் என்று எழுதியிருக்கிறார்களா, இரவுக் கணக்கோடு செலவுக் கணக்கு சேர்கிறதா, வாழ்நாள் ஸ்டேட்டஸுக்குக் கடைசித் தேதி எது என்று தேடுங்கள். கணினிகள் இணையும் நாளுக்கு முன் இருப்பையும் இரவுகளையும் படமெடுத்து வையுங்கள். பழைய தளத்தில் சேமித்திருக்கும் பாஸ்போர்ட் எண்ணையும் கார்டு எண்ணையும் நீக்குங்கள். இரு திட்டங்களும் ஒன்றான முதல் சில மாதங்களில் புதிய அட்டவணையையும் பழையதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 60,000 மாதிரி ஒரு விலை தென்பட்டால், யோசித்துக்கொண்டிருக்காமல் பாயின்ட்டைச் செலவழியுங்கள்.